இருந்திருப்பார்

“ரயில்வேன்னு அவுங்களுக்கு யாரு சொன்னது?”

கன்னியப்பன் இதைக் கேட்டபோது அவர் வாயில் பாதி இட்லி இருந்தது. மீதிப் பாதி தட்டிலேயே நின்றுவிட்டது.

“யாரு சொன்னா இன்னா? நல்லதத்தானே சொல்லிக்கீறாங்க” என்றாள் அவர் மனைவி தாயாரம்மாள். “மாப்ளையோட அப்பாவும் ரயில்வேதானாம். ‘ரயில்வேக்கு ரயில்வே, சம்மந்தம் அமைஞ்சா இப்டி அமையணும்’னு மாப்ளையோட அம்மா போன்ல அவ்ளோ சந்தோஷமா பேசுறாங்க. ஞாயித்துக்கெழம கீர்த்திய பொண்ணு பாக்க வராங்கோ.”

“நான் எங்க தாயாரு ரயில்வேல இருந்தேன்?”

“அத என்ன கேக்காதீங்க. நாப்பது வருஷமா ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சது நீங்க.”

கன்னியப்பன் அப்படிச் சொன்னதில்லை. அவர் சொன்னது வேறு.

காவாந்தண்டலத்தில் மூன்று ஏக்கர் கழனி வைத்து நெல் போடுகிறவர் அவர். இருபத்திரண்டு வயதில் ரயில்வே பரீட்சை எழுதித் தேறினார். டிக்கெட் பரிசோதகர் வேலை. நேர்முகத் தேர்வுக்கு மெட்ராஸ் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போக வேண்டிய அன்றைக்குச் செய்யாற்றில் வெள்ளம். பஸ் வரவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் கன்னியப்பன் அந்தக் கதையை இன்றுவரை முடித்தபாடில்லை.

“அன்னிக்கி மட்டும் ஆத்துல வெள்ளம் வராம இருந்திருந்தா, நான் ரயில்வேல இருந்திருப்பேன்.”

டீக்கடையில் சொல்வார். நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது சொல்வார். சாவு வீட்டில் பாடை கட்டுகிற இடைவெளியிலும் சொல்லியிருக்கிறார். இருந்திருப்பேன் என்பதோடு விட்டாலும் பரவாயில்லை. எண்பத்தெட்டில் அரக்கோணத்துக்கு மாற்றல் ஆகியிருக்கும். தொண்ணூற்று மூன்றில் ஜோலார்பேட்டை. அங்கே மேலதிகாரி ஒருவனோடு வாய்ச்சண்டை வந்திருக்கும். பிறக்கவே பிறக்காத அந்த அதிகாரி மேல் கன்னியப்பனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வாழ்க்கையில் மொத்தம் நான்கு முறைதான் அவர் ரயிலேறியிருக்கிறார். ஆனாலும் சாயங்காலம் கழனிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்காரும்போது, மர இருக்கையின் வார்னிஷ் வாசனையும், கருப்புக் கோட்டின் அக்குள் வியர்வையும், விடியற்காலை பிளாட்பாரத்தில் மண்குவளை டீயும் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். ஊரில் மற்றவர்கள் கடந்துபோன வாழ்க்கையை நினைத்து ஏங்கினார்கள். அவர் வராமலே போன வாழ்க்கையை நினைத்து ஏங்கினார்.

அறுபது வயது முடிந்த மாதக் கடைசி நாளில், கழனிக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

“ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள் தாயாரம்மாள்.

“இன்னிக்கி ரிடயர் ஆயிருப்பேன் தாயாரு.”

அவள் எழுந்து போய்ச் சேமியா பாயசம் வைத்தாள்.

இப்போது அவள் பாயசம் வைக்கிற நிலைமையில் இல்லை. கன்னியப்பன் கையை அலம்பிக்கொண்டு, கல்யாணத் தரகர் பச்சமுத்துவைப் போனில் பிடித்தார்.

“பச்சமுத்து, நான் ரயில்வேன்னு எப்பய்யா சொன்னேன்?”

“நீ சொன்னதத்தான் சொன்னேண்ணா, ஒரு எழுத்து மாத்தல. ‘ஆத்துல வெள்ளம் வராம இருந்திருந்தா பொண்ணோட அப்பா ரயில்வேல இருந்திருப்பாரு’ன்னேன். அந்நேரம் பாத்து ஒரு லாரி ஆரன் அடிச்சிக்கினு போச்சி. முன்பாதி லாரியோட போயிடிச்சி போலக்கீது. பின்பாதிதான் அவுங்க காதுல வியிந்துக்கீது.”

“அதுக்காவ? இருந்திருப்பாருன்னா இருந்தாருன்னு அர்த்தமா?”

“ஆவும் நைனா” என்றாள் கீர்த்தி. அவள் உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். “ரோடு ஈரமா கீது, ‘ராத்திரி மழ பேஞ்சிருக்கும்’னு சொல்றோம் இல்ல? அங்க பேஞ்சிதுன்னு அர்த்தம். ‘காத்து அடிக்காம இருந்திருந்தா மழ பேஞ்சிருக்கும்’னா, பேயலன்னு அர்த்தம். சொல்லு ஒண்ணுதான். முன்னால ஒரு ‘இருந்தா’ நிக்கிதா இல்லியான்றதுதான் வித்தியாசம்.”

“அந்த ‘இருந்தா’தாம்மா லாரிகூட போயிடிச்சே!”

“அப்ப கூப்ட்டு சரியா சொல்லிடு. பொய்ல ஆரம்பிக்க வாணாம்” என்றாள் கீர்த்தி. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அம்மாவின் காதில்தான் சொன்னாள். ஆனால் அப்பாவுக்கும் கேட்டது. “ரெண்டு தபா போன்ல பேசனோம்மா. எனக்கு அவர புடிச்சிக்கீது.”

பையன் பெயர் சுகுமார். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். பூர்வீகம் பக்கத்தில் ராஜகுளம்தான், குடியிருப்பது தாம்பரத்தில். கீர்த்திக்கு இதற்கு முன் வந்த நான்கு இடங்களும் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. ‘புடிச்சிக்கீது’ என்று அவள் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல்முறை.

கன்னியப்பன் போனைக் கையில் எடுத்தார். பச்சமுத்துவை மறுபடி பிடித்து, “இப்பவே கூப்ட்டு நான் ரயில்வேல இல்லன்னு சொல்லிடு” என்று கட்டளை போட்டார்.

சாயங்காலம் பச்சமுத்து டிவிஎஸ் ஐம்பதில் வந்து, முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

“முடிச்சிட்டேண்ணா. ‘அவரு ரயில்வேல இல்லீங்க’ன்னு பட்டுனு சொல்லிட்டேன்.”

“அவுங்க இன்னா சொன்னாங்கோ?”

“‘ஓ, இப்ப இல்லியா? முன்னாலயே வந்துட்டாரா?’ன்னாங்க. நீதான் போவவே இல்லியே. அதனால, ‘அதெல்லாம் எப்பவோ வுட்டுட்டாரு’ன்னேன். ‘அப்ப வி.ஆர்.எஸ்.ஸா?’ன்னாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“அது வெள்ளத்துக்கு இங்கிலீஸு போலக்கீதுன்னு, ஆமான்னுட்டேன்.”

தாயாரம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வேலையிலேயே சேராத மனுஷர் விருப்ப ஓய்வும் வாங்கியாயிற்று.

“இனிமே ஒருத்தரையும் நம்பறதுக்கில்ல” என்று கன்னியப்பன் தானே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டார். அவர் பெயர் ஏகாம்பரம். நான்கு வரியை மனப்பாடம் செய்துகொண்டுதான் போட்டார். ‘நான் ரயில்வேல இல்லீங்க. இருந்திருப்பேன்னுதான் சொன்னது. லாரி போயிடிச்சி. மன்னிக்கணும்.’

ஆனால் எதிர்முனை முந்திக்கொண்டது.

“வாங்க சம்மந்தி, வாங்க! ஒங்க போனுக்குத்தான் காத்துக்கினு கீறேன். வெளிய கீறவனுக்கு இன்னா தெரியும் சொல்லுங்க. ராவெல்லாம் கண்ணு முழிச்சி, மழைல நனைஞ்சி… நம்பள மாரி ரயில்வேக்காரனுக்குத்தானே ரயில்வேக்காரன் கஷ்டம் தெரியும்?”

நம்மைப் போல ரயில்வேக்காரன். நாற்பது வருஷத்தில் ஒரு மனிதர்கூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது கொட்டாவி விடுவார்கள். இந்த மனிதரோ, பக்கத்துப் பெட்டியில் டூட்டி பார்த்தவர்போலக் கூப்பிடுகிறார். கன்னியப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மனப்பாடம் செய்த நான்கு வரியும் எங்கேயோ போய்விட்டது.

“ஆமாமா” என்றார்.

போனை வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. இதுவரை பொய் சொன்னது லாரி. இனிமேல் அந்தச் சாக்கும் இல்லை.

சனிக்கிழமை காலை கன்னியப்பன் சாமுவேலைத் தேடிப் போனார். சாமுவேல் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அப்பா கூலி வேலைக்குப் போனவர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. சாமுவேல் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, முப்பத்துநான்கு வருஷம் தண்டவாளம் பராமரித்துவிட்டு ஓய்வு பெற்று வந்திருந்தார்.

“சாமுவேலு, ரயில்வேல பேசிக்கிற மாரி நாலு வார்த்த சொல்லிக் குடு. நாளிக்கி ஒருநா சமாளிச்சிட்டா போதும்.”

சாமுவேல் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

“மொத வண்டி போறதுக்கு முன்னாடி பனில தண்டவாளத்த தட்டிப் பாத்துக்கினே நடந்தவன் நானு. இந்த ஊர்ல ஒருத்தன் என்ன ரயில்வேன்னு கூப்ட்டதில்ல. போவாத ஒன்ன தேடிக்கினு ரயில்வே சம்மந்தம் வருது பாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் கன்னியப்பன் தரையைப் பார்த்தார். அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

“சரி, ஒக்காரு” என்றார் சாமுவேல். “கீர்த்தி எனக்கும் பொண்ணு மாரிதான். அப் லைன்னா மெட்ராஸுக்குப் போறது. டவுன் லைன்னா அங்கேந்து வர்றது. ஃபிஷ் பிளேட்டுன்னா ரெண்டு தண்டவாளத்தயும் சேத்துப் புடிக்கிற இரும்புப் பட்ட. இந்த மூணுக்கு மேல பேசாத, மாட்டிப்ப. நான் பக்கத்துல கீறேன். நீ தப்பா சொன்னா இருமுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியைத் தாண்டி ஆம்னி வேன் வந்து நின்றது. சுகுமாரும் அம்மாவும் இறங்கினார்கள். கடைசியாக ஏகாம்பரம் இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இறங்கியதுமே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு நிமிஷம் லேட்டு” என்றார். “தாம்பரத்துல ஒம்போது பதினேழு வண்டி வந்து நிக்கும்போது கௌம்பனோம்.”

கன்னியப்பன் பக்கத்தில் நின்ற சாமுவேலைத் திரும்பிப் பார்த்தார். நிமிஷக் கணக்கில் பேசுகிற மனுஷர். இவரிடம் மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் ஓட்டுவது?

கேசரியும் வடையும் வந்தன. கீர்த்தி காபி கொடுத்துவிட்டுப் போனாள். சுகுமார் டம்ளரை வாங்கும்போது அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்த தாயாரம்மாளுக்குக் கண் கலங்கியது. கன்னியப்பனுக்கு வியர்த்தது.

“இவரு சாமுவேலு. நம்ம சிநேகிதரு. இவரும் ரயில்வேல இருந்தவருதான்” என்று அறிமுகம் செய்தார்.

ஏகாம்பரத்தின் முகம் சட்டென்று இறுகியது. கும்பிட்ட கையை இறக்காமலே, “அப்டிங்களா… சரிங்க, சரிங்க… காபி ஆறிடப் போவுது” என்று டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சாமுவேல் உட்கார்ந்திருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

‘அவரு பெரிய உத்தியோகம் போலக்கீது. கேங்மேன்கூடல்லாம் பேசமாட்டாரு’ என்று கன்னியப்பன் நினைத்துக்கொண்டார். சிநேகிதரை இப்படி உட்காரவைத்து அவமானப்படுத்திவிட்டோமே என்றும் இருந்தது. பேச்சை மாற்றத் தன் மூன்று வார்த்தையில் ஒன்றை எடுத்துவிட்டார்.

“இன்னாதான் சொல்லுங்க சம்மந்தி, ஃபிஷ் பிளேட்டு நல்லா இருந்தாத்தான் ரயில்வேயே ஓடும்.”

“பின்ன?” என்றார் ஏகாம்பரம், டம்ளரிலிருந்து தலையைத் தூக்கி. “நேரத்துக்கு சாப்பாடு முக்கியமாச்சே. கேன்டீன்ல மீனு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்.”

சாமுவேல் இருமினார். தப்பாகச் சொல்லவில்லையே, எதற்கு இருமுகிறார் என்று கன்னியப்பன் அவரைப் பார்த்தார். சாமுவேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே எழுந்து போனார்.

கன்னியப்பனுக்குப் பொறி தட்டியது. ஆள் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டு, நேரடியாகக் கேட்காமல் கிண்டல் பண்ணுகிறார். இரும்புப் பட்டையைச் சோற்றுத் தட்டு என்று ரயில்வேக்காரன் வேறு எதற்காகச் சொல்வான்?

“நீங்க கிண்டலா பேசுறீங்கோ” என்று ஈனக்குரலில் சொன்னார்.

“அய்யய்யோ, மீனுல இன்னாங்க கிண்டல்!”

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஆசையோடு குறுக்கே வந்தாள். “எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்புங்க. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதும் ரெண்டு குடும்பமும் காசிக்குப் போவணும். ஒங்க ரயில்வே பாஸ்லியே போய்ட்டு வந்துடலாம் இல்ல?”

கன்னியப்பன் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். “ஒங்களுக்கும் பாஸ் கீதே?”

“எங்க பாஸு…” என்ற ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார். “இந்த வருஷத்துது தீந்துபோச்சிங்க. ஒங்குளுதுலியே போலாம். எப்ப எடுக்கறீங்க, சித்திரைல எடுக்கலாமா?”

வார்த்தையை எப்படியோ சமாளிக்கலாம். பாஸை எங்கிருந்து கொண்டுவருவது? இவர் விடமாட்டார். கழுத்தில் கயிறு போட்டுவிட்டு, தானே வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். கன்னியப்பன் சமையலறைப் பக்கம் பார்த்தார். கதவோரம் கீர்த்தியின் புடவை ஓரம் தெரிந்தது. பொய்ல ஆரம்பிக்க வாணாம் என்று சொன்ன பெண்.

அவர் எழுந்து நின்றார்.

“சம்மந்தி, என்ன மன்னிச்சிடுங்க. நான் ரயில்வேல இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல.”

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தாள்.

“பரிச்ச பாஸ் பண்ணேன், அது நெஜம். லெட்டரு வந்துது, அதுவும் நெஜம். எங்கம்மா அவங்க காதுத் தோட்ட அடகு வச்சி எனக்கு பேன்ட்டு எடுத்துக் குடுத்தாங்க. அன்னிக்கி அத போட்டுக்கினு ஆத்தாண்ட போனேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே தண்ணி. பஸ்ஸு அந்தாண்டயே திரும்பிப் போயிடிச்சி. எறங்கிடும், எறங்கிடும்னு பாத்துக்கினு நின்னேன். மத்தியானம் ஆச்சி, பொழுது சாஞ்சிடிச்சி. பேன்ட்டு மடிச்சிவுட்ட எடம்கூட நனையல எனக்கு. கால வைக்க பயம். வூட்டுக்குத் திரும்பி வந்துட்டேன்.”

தாயாரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்தை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். பயத்தை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“அப்பறம் உங்கள மாரி கருப்புக் கோட்டு போட்டவங்கள எங்க பாத்தாலும், அது நம்பளோடதுன்னு தோணும். இருந்திருப்பேன், இருந்திருப்பேன்னு சொல்லிச் சொல்லி, உள்ளுக்குள்ள இருந்துட்டேன் சம்மந்தி. தாம்பரத்துலேந்து நீங்க போன்ல ‘நம்பள மாரி ரயில்வேக்காரன்’னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ‘இல்ல’ன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. அது என் தப்பு. எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவ மொதல்லியே சொல்லச் சொன்னா. அவள தப்பா நெனக்காதீங்க.”

ஏகாம்பரத்தின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். தோள் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் விடுவிடுவென்று வேனைப் பார்த்து நடந்தார்.

“இன்னாங்க… இன்னாங்க!” என்று அவர் மனைவி பின்னால் ஓடினாள். சுகுமார் எழுந்து, கதவோரம் நின்ற கீர்த்தியைப் பார்த்து, “ஒரு நிமிஷங்க” என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

வேன் கதவு படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

கூடத்தில் பாதி தின்ற வடைகள் இருந்தன. கீர்த்தி வெளியே வந்தாள். அழவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கிறதற்கு அவள் அழுதிருந்தாலே தேவலை என்று கன்னியப்பனுக்கு இருந்தது.

“வுடு நைனா” என்றாள். “நீ சொன்னதுதான் சரி.”

“கண்ணு…”

“நெஜமாத்தான் சொல்றேன்.”

தாயாரம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். “கால வச்சிருந்தா ஆத்தோட போயிருப்பீங்க. எனக்கு வேற எவனாவது வாச்சிருப்பான்” என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று ஒரு வாக்கியம் அவருக்குள் தொடங்கியது. நாற்பது வருஷத்தில் ஆறு வராமல் தொடங்கிய முதல் வாக்கியம். அதை முடிக்க அவருக்குத் தெம்பில்லை.

வேன் கிளம்புகிற சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. வாசலில் நிழல் தட்டியது. வேன் டிரைவர் சேட்டு, ஏகாம்பரத்தின் தெருக்காரன், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் சாமுவேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“ஐயா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றான் சேட்டு. “பெரியவரு வண்டில ஒக்காந்துக்கினு, ‘அவரு சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கலாமே’ன்னு ஒரே அழுவ. அவருக்கு தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதுர்ல சைக்கிள் ஸ்டாண்டுதாங்க!”